விலக்கத் தெரிந்த உயிர்

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சேத்தூர் வட்டாரத்தில் வைணவம் பேசப்படும் வீடுகளில் குரங்குக்கும் பூனைக்கும் உள்ள வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்கிறது. தாய் கிளைக்குக் கிளை தாவும்போது பிடி நழுவினால் குட்டி கீழே விழும். பூனைக்குட்டி எதையும் பற்றுவதில்லை. தாய்தான் அதன் கழுத்தைக் கவ்வி, தனக்குத் தோன்றிய இடத்துக்குக் கொண்டுபோய் வைக்கிறது. இறைவனை அடைய உயிர் ஏதாவது செய்தாக வேண்டுமா, அவன் எடுத்துக்கொண்டால் போதுமா? வடகலையார் குரங்குக் குட்டியைக் காட்டுவார்கள்; மர்க்கட நியாயம் என்பார்கள். தென்கலையார் பூனைக்குட்டியைக் காட்டி மார்ஜார நியாயம் என்பார்கள்.

வழக்கின் வேர் 13, 14ஆம் நூற்றாண்டுகளில் இருக்கிறது. ஒரு பக்கம் ஸ்ரீவசன பூஷணம் செய்த பிள்ளை லோகாசாரியர். மறுபக்கம் ரஹஸ்யத்ரய சாரம் செய்த வேதாந்த தேசிகர். இருவரையும் ஆழ்ந்து படித்தவர்கள் குரங்கு, பூனை என்று இதை இரண்டு வார்த்தையில் முடிக்க மாட்டார்கள். முயற்சி செய்து அருளை விலைக்கு வாங்கிவிடலாம் என்று தேசிகர் சொல்லவில்லை. உயிரின் பக்கம் ஒரு சிறு செயல் வேண்டும், அது அருள் பாய்வதற்கு ஒரு வியாஜம், அதாவது ஒரு சாக்கு மட்டுமே என்பது அவர் நிலை. உயிர் சும்மா கிடந்தால் போதும் என்று லோகாசாரியரும் சொல்லவில்லை. அருள் வரும்போது அதை மறுக்காமல் இருக்க வேண்டும். அதற்கு அந்த மரபு வைத்திருக்கும் சொல் விலக்காமை.

இந்த வழக்கில் இதுவரை யாரும் சாட்சிக்கு அழைக்காத ஓர் உயிர் மன்னார் வளைகுடாவில் இருக்கிறது. அதற்கு மூளை கிடையாது. கண், காது, மூக்கு எதுவும் கிடையாது. அளவும் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. ஆனாலும் வாழ்நாள் முழுவதும் தான் எங்கே இருக்க வேண்டும் என்பதை அது ஒரே ஒருமுறை தீர்மானிக்கிறது. தீர்மானிக்கிறது என்ற சொல்லை இங்கே போடலாமா என்பதுதான் கேள்வி.

தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை கரையோரமாக 21 தீவுகள். 1986இல் இவற்றைச் சேர்த்துக் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். இந்தத் தீவுகளைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட வகைப் பவளங்கள் வாழ்கின்றன. பவளம் கல்லும் அல்ல, செடியும் அல்ல, விலங்கு. தான் கட்டிய சுண்ணாம்பு வீட்டை விட்டு நகராத விலங்கு. அது ஊர் விட்டு ஊர் போகும் காலம் வாழ்நாளில் ஒன்றே ஒன்று, லார்வாவாக இருக்கும் காலம்.

தூத்துக்குடிக் கடலில் அக்ரோபோரா வகைப் பவளங்கள் மார்ச் மாதப் பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் முட்டையும் விந்துவும் சேர்ந்த சிறு உருண்டைகளை நீரில் விடுகின்றன. அவை மேலே மிதந்து, உடைந்து, வேறொரு பவளத்தின் உருண்டையோடு கலந்து கருவாகின்றன. இரண்டு மூன்று நாளில் உடல் முழுக்க மயிரிழை போர்த்த ஒரு லார்வா உருவாகிறது. அதனால் நீந்த முடியும், வினாடிக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில். மன்னார் வளைகுடாவின் நீரோட்டத்துக்கு முன்னால் அதெல்லாம் ஒரு வேகமே அல்ல. கிழக்கே போக வேண்டும், மேற்கே போக வேண்டும் என்று லார்வா நினைத்து ஆவது ஒன்றுமில்லை. மேலே ஏறவும் கீழே இறங்கவும் மட்டும் அதனால் முடியும். எந்த ஆழத்து ஓட்டம் தன்னைச் சுமக்க வேண்டும் என்பது வரை அதன் கை நீளும், அதற்கு மேல் நீளாது. பூனைக்குட்டியின் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது என்று தோன்றும்.

அது கடலடியைத் தொடும் வரைதான் அப்படி.

தொடும் நேரத்தை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் சொல்வது வேறு. பேரிக்காய் வடிவில் இருக்கும் லார்வா, வாய் பின்னாலும் உணர்முனை முன்னாலுமாக நீந்துகிறது. உணர்முனையைக் கீழே ஊன்றி ஒரு சுற்றுச் சுற்றுகிறது. உடலை நீட்டிக்கொண்டு தரையோடு உரசியபடி கொஞ்ச தூரம் போகிறது, நிற்கிறது, மறுபடி சுற்றுகிறது. பிறகு எழும்பிப் போய்விடுகிறது. வேறொரு இடத்தில் இறங்கி அதையே திரும்பச் செய்கிறது. திறந்த மேற்பரப்பை விட்டுவிட்டுக் கல்லின் அடிப்புறம், இடுக்கு, குழி என்று தேடுகிறது. மெல்லிய வண்டல் படிந்த இடமாக இருந்தால் ஒட்டுவதே இல்லை. கடைசியில் ஓரிடத்தில் உணர்முனையை அழுத்தி ஒட்டிக்கொள்கிறது. பேரிக்காய் தட்டையாகி வட்டத் தகடாகிறது. தகட்டில் ஆரக்கால்களாகப் பிரிவுகள் விழுகின்றன. பின்னால் இருந்த வாய் இப்போது மேலே பார்க்கிறது; அதைச் சுற்றி உணர்கொம்புகள் அரும்புகின்றன. அடியில் முதல் சுண்ணாம்புப் படிவு விழத் தொடங்குகிறது. வீடு கட்ட ஆரம்பித்தாகிவிட்டது.

எதைத் தேடி அது இத்தனை இடங்களை விட்டு எழும்பிப் போனது? பெரும்பாலும் ஒரு பாசியை. பாறையில் வண்ணம் பூசியதுபோல் இளஞ்சிவப்பாக, கல்லைப் போலவே கெட்டியாகப் படியும் கோரலைன் பாசி அது. அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மோர்ஸ் தம்பதியர் 1980களிலும் 90களிலும் கரீபியக் கடல் பவளங்களை வைத்துக் காட்டியது இதைத்தான்: சில பவளங்களின் லார்வாக்கள் இந்தப் பாசியின் செல்சுவரில் உள்ள ஒரு வேதிப்பொருளை உணர்ந்தால் மட்டுமே ஒட்டிக்கொள்ளும். பாசியிலும் எல்லாப் பாசியும் ஆகாது. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் 2004இல் வெளியான ஹாரிங்டன் குழுவின் ஆய்வில், அக்ரோபோரா லார்வாக்கள் டைட்டனோடெர்மா என்ற பாசியை மற்றவற்றைவிட மிகவும் விரும்பித் தேர்ந்தன. அந்தப் பாசியின் மேல் ஒட்டியவையே அதிகம் பிழைத்தன. வேறு சில பாசிகள் தம் மேல்தோலைச் செதிலாக உரித்துத் தள்ளுபவை. அவற்றின் மேல் ஒட்டிய குஞ்சுகள் தோலோடு சேர்ந்து போய்விடும். ஆகவே லார்வாவின் விருப்பம் வெறும் பழக்கம் அல்ல. சரியான இடத்தைத்தான் அது விரும்புகிறது.

தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் அளவால் ஆறாக வகுக்கிறது. புல்லுக்கும் மரத்துக்கும் தொடுவுணர்வு என்ற ஓரறிவு. நத்தை, சிப்பி போன்றவற்றுக்கு நாவும் சேர்ந்து இரண்டு. எறும்புக்கும் கறையானுக்கும் மூக்கும் சேர்ந்து மூன்று. நண்டுக்கும் தும்பிக்கும் கண்ணும் சேர்ந்து நான்கு. விலங்குக்குச் செவியும் சேர்ந்து ஐந்து. மக்களுக்கு ஆறாவதாக மனம். இந்தப் படிக்கட்டில் பவள லார்வாவை எங்கே நிறுத்துவது? தொட்டுப் பார்த்துப் பரப்பின் சொரசொரப்பை அறிகிறது. பாசியின் வேதிப்பொருளை அறிவதை நாவென்றும் சொல்லலாம், மூக்கென்றும் சொல்லலாம். வெளிச்சத்தின் அளவும் நிறமும் அதற்குத் தெரிகின்றன. புளோரிடாவில் 2011இல் வெளியான ஓர் ஆய்வில் லார்வாக்கள் மற்ற நிறங்களைவிடச் சிவப்புப் பரப்பில் அதிகமாகப் போய் ஒட்டின. ஓசையும் தெரிகிறது. குராசோ தீவில் வெர்மேய் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒலிபெருக்கி வழியாகப் பவளத்திட்டின் சத்தத்தைக் கேட்கவைத்தபோது லார்வாக்கள் சத்தம் வந்த பக்கம் நகர்ந்தன. சொடக்குப் போடும் இறால்களும் உறுமும் மீன்களும் எழுப்பும் இரைச்சல்தான் அந்தச் சத்தம். உடலைப் போர்த்திய மயிரிழைகளே நீரின் அதிர்வை வாங்குவதாகக் கருதப்படுகிறது. ஆக, பொறிகளில் ஒன்றும் இல்லாமலே ஐம்புலனும் ஏதோ ஒரு அளவில் இருக்கிறது. ஆறாவதுதான் இல்லை. மனம் இல்லாத இடத்தில் தேர்வு இருக்க முடியுமா?

முடியாது என்பவர்களுக்கு ஆய்வகம் வலுவான ஆயுதங்களைத் தந்திருக்கிறது. ஜப்பானில் ஹட்டா குழுவினர் 2002இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஹைட்ரா என்ற நன்னீர் உயிரியிலிருந்து அறியப்பட்ட சிறிய நரம்புப் புரதம் ஒன்றை அக்ரோபோரா லார்வாக்கள் இருந்த நீரில் சேர்த்தார்கள். பாசியே இல்லை, ஆனாலும் லார்வாக்கள் உருமாறிப் பவளக் குஞ்சுகளாயின. பூட்டுக்குள் சாவி நுழைந்தால் கதவு திறக்கிறது. கதவு திறக்கத் தீர்மானித்தது என்று யாரும் சொல்வதில்லையே என்று அவர்கள் கேட்கலாம்.

இதைவிட மனத்தைத் தைக்கும் சோதனை ஒன்று 2011இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. கோரலைன் பாசியின் மேல் வாழும் ஒருவகை பாக்டீரியா சுரக்கும் டெட்ராபுரோமோபிரோல் என்ற பொருளைத் தெபென் குழுவினர் பிரித்தெடுத்து, லார்வாக்கள் இருந்த நீரில் கலந்தார்கள். ஆறு மணி நேரத்துக்குள் லார்வாக்கள் உருமாறிவிட்டன. ஆனால் பெரும்பாலானவை எதன்மேலும் ஒட்டவில்லை. கடலடியை அடைந்துவிட்டதாக உடல் நம்பிவிட்டது. அடியில் கடலடி இல்லை. வீடு கட்டும் உறுப்புகளோடு, வீடு கட்ட நிலமின்றி அவை நீரில் கிடந்தன. பிற்பாடு கரீபியப் பவளங்களில் இதே பொருளுக்கு லார்வாக்கள் ஒட்டவும் செய்தன, உருமாறவும் செய்தன. இனத்துக்கு இனம் வேறுபாடு உண்டு. ஆனாலும் முதல் சோதனை எழுப்பிய கேள்வி போகவில்லை. அழைப்பு இருந்து இடம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? பக்தியின் சரித்திரத்திலும் இந்தக் கேள்வி உண்டு. அழைப்பின் வாசனையை மட்டும் பரப்பி, காலூன்ற இடம் தராத போலிகளை எல்லாச் சமயமும் கண்டிருக்கிறது.

இவை எல்லாம் லார்வா ஓர் இயந்திரம் என்பதற்குச் சான்றுகளா? சாவி நுழைந்தால் திறக்கிறது என்பது உண்மை. ஆனால் இதில் விட்டுப்போகும் பாதி ஒன்று இருக்கிறது. ஒரே தாயின் லார்வாக்கள், ஒரே கிண்ணம், ஒரே நீர். அப்படி வைத்தாலும் சில முதல் நாளே ஒட்டுகின்றன, சில பல நாள் சுற்றுகின்றன, சில கடைசி வரை ஒட்டுவதில்லை. அக்ரோபோரா லார்வா நான்கைந்து நாளிலேயே ஒட்டத் தயாராகிவிடும். தகுந்த இடம் கிடைக்காவிட்டால் காத்திருக்கும். 2008இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் சில இனங்களின் லார்வாக்கள் ஆய்வகத்தில் ஏறக்குறைய 200 நாளும் அதற்கு மேலும்கூட உயிரோடு இருந்தன. காத்திருப்பதற்கும் விலை உண்டு. தாய் கொடுத்தனுப்பிய கொழுப்பு கரைந்துகொண்டே வரும். மீனுக்கு இரையாகும் வாய்ப்பும் கூடும். கையிருப்பு குறையக் குறைய, முன்பு வேண்டாம் என்று விட்ட பரப்பையே ஏற்றுக்கொள்ளும் லார்வாக்களும் உண்டு என்று கடலாய்வாளர்கள் கருதுகிறார்கள்.

லார்வாவின் திறமை பற்றுவதில் இல்லை. பற்றுவது கடைசிக் கணத்து வேலை, அதையும் ஒரு துளி மருந்தால் செய்வித்துவிடலாம். திறமை அதற்கு முன் நடப்பதில் இருக்கிறது. இறங்கிப் பார்த்து, இது இல்லை என்று எழும்பிப் போவதில். அப்படிப் போவதற்கான விலையைத் தன் உடலிலிருந்தே கொடுப்பதில். மேலே சொன்ன சோதனைகள் துளிவிட்டு உண்டாக்கிக் காட்டாதது இந்த மறுப்பைத்தான். தேர்வு என்ற சொல்லுக்கு ஓர் உயிரிடம் குறைந்தபட்ச அர்த்தம் வேண்டுமென்றால் அது இங்கே கிடைக்கிறது. மனம் உள்ளவரிடமும் தேர்வு பெரும்பாலும் இந்த உருவத்தில்தான் வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளை யாரை வரித்தாள் என்பதற்காகக் கொண்டாடுகிறது. நாச்சியார் திருமொழியை முழுக்கப் படிப்பவர்களுக்கு அவள் எதை மறுத்தாள் என்பதும் அதே அழுத்தத்தோடு கேட்கும். மனிதரை மணப்பது என்ற பேச்சுக்கே இடம் கொடாத மறுப்பு அது.

இந்த இடத்தில் விலக்காமை என்ற நிலையைத் திரும்பப் பார்த்தால் அதன் கனம் கூடுகிறது. விலக்கவே தெரியாத பொருளிடம் விலக்காதே என்று யாரும் சொல்வதில்லை. கல்லைத் தூக்கினால் கல் மறுக்காது. அதைக் கல்லின் குணம் என்று பாராட்டுவதும் இல்லை. உயிரின் பக்கம் வேண்டியது விலக்காமை மட்டுமே என்று சொல்லும்போது, உயிருக்கு விலக்கும் ஆற்றல் உண்டு என்பதை லோகாசாரியர் மரபு ஒப்புக்கொண்டாயிற்று. பூனைக்குட்டி வெறும் மூட்டை அல்ல. தேசிகரின் பக்கமும் இதேபோல் திறக்கிறது. குரங்குக் குட்டியின் பிடி எவ்வளவு இறுக்கமானாலும் கிளையிலிருந்து கிளைக்குப் போவது தாயின் தாவலால்தான். லார்வாவைக் கொண்டுவந்தது நீரோட்டம். அது செய்ததெல்லாம் கடைசிச் சாண் தூரத்தில். இரு கட்சிகளுக்கும் இடையே நூற்றாண்டுகளாக நீண்ட தூரம், கடலடியில் அந்தச் சாண் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அந்தச் சாண் இல்லாமல் பவளத்திட்டே இல்லை.

ஒருமுறை ஒட்டினால் அவ்வளவுதானா என்பதிலும் கடல் ஒரு விலக்கு வைத்திருக்கிறது. பொசிலோபோரா என்ற பவளத்தின் இளங்குஞ்சு, சூழல் கெட்டால், கட்டத் தொடங்கிய சுண்ணாம்பை அப்படியே விட்டுவிட்டு மறுபடி நீந்தும் உருவத்துக்குத் திரும்புவதை ரிச்மண்ட் 1985இல் பதிவு செய்தார். அது சில நாள் வயதுக் குஞ்சுக்கே வாய்க்கும். வளர்ந்த பிறகு, தொட்ட இடம் தொட்டதுதான்.

சைவ சித்தாந்தம் இதை வேறு பக்கத்திலிருந்து பார்க்கும். மெய்கண்டார் வழியில் உயிருக்குச் சொல்லப்படும் இயல்பு சார்ந்ததன் வண்ணமாதல். எதைச் சார்கிறதோ அதன் தன்மையை உயிர் ஏற்கும். ஆணவ மலத்தோடு சேர்ந்தால் இருள், அருளோடு சேர்ந்தால் ஒளி. அக்ரோபோரா லார்வா பிறக்கும்போது வளர்ந்த பவளத்தின் நிறத்தோடு வருவதில்லை. பவளத்துக்குச் சோறு போடும் நுண்பாசிகள் அதனுள் இன்னும் வரவில்லை. அவற்றைச் சுற்றுப்புறத்து நீரிலிருந்து அது பிற்பாடுதான் உள்ளே வாங்கிக்கொள்கிறது. எந்த இடத்தில் ஒட்டியதோ அந்த இடத்து வெளிச்சம், அந்த இடத்து நுண்பாசி, அந்த இடத்து நீரோட்டம் இவையே அதன் நிறத்தையும் வளர்ச்சியையும் கிளை விரியும் விதத்தையும் வகுக்கின்றன. இடத்தைத் தேர்ந்தபோதே தான் யாராக ஆகப்போகிறோம் என்பதில் பெரும்பகுதியை அது தேர்ந்துவிட்டது.

இதுவரை உவமை நன்றாகவே நடந்து வந்தது. ஓரிடத்தில் அது நின்றுபோகிறது. அங்கே நிறுத்துவதே நேர்மை.

வடகலையும் தென்கலையும் ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டவை. தாய்க்கு ஒன்றும் ஆகாது. குட்டியின் பிடி தளரலாம், குட்டி திமிறலாம். தாய் சாகாது, தளராது, அருள் வற்றாது. அந்த நிச்சயத்தின் மேல்தான் வாதமே நடக்கிறது. கடலடிக்கு அந்த நிச்சயம் இல்லை. மன்னார் வளைகுடாவில் பல பத்தாண்டுகள் பவளப்பாறையைப் பெயர்த்துச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் ஆலைக்கும் ஏற்றினார்கள். தூத்துக்குடிப் பக்கம் விலாங்குச்சல்லி, கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டி என்று இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது 2001இல்தான். 2010இலும் 2016இலும் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. 2016 வெளுப்பில் மன்னார் வளைகுடாவின் உயிருள்ள பவளப் பரப்பு கணிசமாகச் சுருங்கியது. குருசடைத் தீவில், வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாபைகஸ் என்ற அயல்நாட்டுக் கடற்பாசி பவளங்களின் மேல் போர்வையாகப் படர்ந்ததை 2008இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

லார்வாவின் பக்கத்திலிருந்து இதைப் பார்க்க வேண்டும். பாறை பெயர்ந்த இடத்தில் இருப்பது உருளும் உடைகல். அதில் இளஞ்சிவப்புப் பாசி நிலைப்பதில்லை. வேற்றுப் பாசி மூடிய இடத்தில் தொட்டுப் பார்க்கவே பரப்பு இல்லை. இறாலும் மீனும் குறைந்த திட்டில் ஓசை குறைவு. பார்க்கும் இடத்தையெல்லாம் விட்டு எழும்பிப் போகத் தெரிந்த உயிர், எழும்பி எழும்பிக் கொழுப்புத் தீர்ந்து சாகிறது. அதன் தேர்வில் குற்றமே இல்லை. விருப்புரிமை பற்றிப் பேசும் தத்துவங்கள் பெரும்பாலும் தேர்பவரின் உள்ளத்தையே கிளறிக்கொண்டிருக்கின்றன. தேர்ந்துகொள்ள ஏதாவது எஞ்சியிருக்கிறதா என்ற கேள்வி அவற்றில் பின்னுக்குப் போய்விடுகிறது. வேலைக்கு, படிப்புக்கு, மணத்துக்கு என்று வழி தேடும் இளையவர்களைப் பார்த்து, நீயே தேர்ந்துகொண்ட வாழ்க்கைதானே என்று ஊர் சொல்லும்போதும் இதே மறதிதான் பேசுகிறது.

சேத்தூர்க்காரருக்குக் கடல் தூரம். மேற்கே மலை எழுந்து நிற்கிறது. கிழக்கே நூறு கிலோமீட்டருக்கு அப்பால்தான் கரை. ஆனால் சேத்தூர் மலையில் பெய்யும் மழை வைப்பாற்று வடிநிலத்தைச் சேர்ந்தது. வைப்பாறு சாத்தூர் வழியாக வந்து, இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியோடு கூடி, விளாத்திகுளம் தாண்டி மன்னார் வளைகுடாவில் விழுகிறது. அதன் முகத்துவாரத்துக்கு வடக்கே வேம்பார்ப் பக்கத்துத் தீவுகளான நல்லதண்ணி, புலுவினிச்சல்லி, உப்புத்தண்ணி. தெற்கே தூத்துக்குடிப் பக்கத்துத் தீவுகளான காரைச்சல்லி, காசுவாரி, வான் தீவு. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு, ஐப்பசி கார்த்திகை மழையில் செந்நீராகப் போகும்போது, வழியில் தங்காத மண் அத்தனையையும் கடலுக்குக் கொண்டுபோகிறது. மார்ச் மாதம் இறங்கிவரும் லார்வாவைத் துரத்துவது மெல்லிய வண்டல் படிவுதான் என்பதை முன்பே பார்த்தோம்.

அந்த மண் தங்குவதற்காகவே இந்த வட்டாரத்தில் கண்மாய்கள் வெட்டினார்கள். கண்மாயில் படிந்த வண்டல் வயலுக்குப் போனால் நெல்லுக்கும் தென்னைக்கும் உரம். அதைத் தூர்வாரி எடுத்துக்கொள்ள விவசாயிகளுக்கு அரசு கட்டணமில்லாமல் அனுமதி தருகிறது. தூர்ந்த கண்மாயில் தண்ணீரும் நிற்காது, மண்ணும் நிற்காது. கண்மாயைத் தூர்வாருவது நீர்ப்பாசன வேலை, ஊர்ப் பொதுவேலை. கோயில் திருப்பணிக்குக் கொடுப்பவர்கள் கண்மாய்க்கும் கொடுத்த காலம் உண்டு. குளம் வெட்டுவது அறமென்று கல்லில் எழுதிய நாடு இது. அந்த அறத்தின் கணக்கில் கடலடியும் சேரும் என்று சொல்வதற்கு இப்போது காரணம் இருக்கிறது.

கடல் பக்கத்திலும் வேலை நடக்கிறது. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் அரசோடு சேர்ந்து, அரிப்பால் சுருங்கிக்கொண்டிருந்த வான் தீவைச் சுற்றி 2015 முதல் ஆயிரக்கணக்கில் துளையிட்ட கான்கிரீட் கூடுகளை இறக்கியிருக்கிறது. அலையின் வேகத்தைத் தணித்துத் தீவைக் காப்பது முதல் நோக்கம். கூடு இறங்கியவுடன் பவளம் வந்துவிடாது. முதலில் நுண்ணுயிர்ப் படலம் படிய வேண்டும், பிறகு கோரலைன் பாசி நிறம் பூச வேண்டும். அதன் பின்னரே லார்வாக்கள் இறங்கிப் பார்க்கத் தொடங்கும். இப்போது அந்தக் கூடுகளின் மேல் இளம் பவளங்கள் தாமாக வந்து ஒட்டி வளர்கின்றன. இவற்றில் எதையும் யாரும் கொண்டுபோய் நடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பவளத் துண்டுகளை எடுத்துக் கட்டி நடும் பணியும் தனியாக நடக்கிறது, அதுவும் தேவையானதே. ஆனால் கூடுகளில் வந்து ஒட்டியவை தாமே பார்த்து, வேண்டாம் என்று போகும் உரிமையோடு வந்து, போகாமல் நின்றவை.

இன்னொரு முயற்சி கரீபியக் கடலில். அமெரிக்க வர்ஜின் தீவுகளில் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தார், நலிந்த ஒரு பவளத்திட்டில் ஒலிபெருக்கியை இறக்கி, நல்ல திட்டின் ஓசையை இரவில் ஒலிக்கவிட்டார்கள். லார்வாக்களைச் சிறு கிண்ணங்களில் அடைத்துச் சுற்றிலும் வைத்தார்கள். 2024இல் வெளியான முடிவின்படி, ஓசை கேட்ட இடத்தில் சராசரியாக 1.7 மடங்கு அதிக லார்வாக்கள் ஒட்டின. சில கிண்ணங்களில் 7 மடங்கு வரை. நலிந்த திட்டுக்கு உயிர் திரும்ப இது வழி செய்யலாம் என்கிறார்கள். செய்யலாம்தான். ஆனால் நல்ல திட்டின் குரலைக் கேட்டு வரும் லார்வாவுக்கு அங்கே பாசியும் தெளிந்த நீரும் காத்திருக்க வேண்டும். அவை இல்லாமல் குரல் மட்டும் இருந்தால் அது லார்வாவின் விலக்கும் ஆற்றலை ஏமாற்றிப் பறிப்பதாகும். சோதனைக் கிண்ணத்தில் நிலமில்லாமல் உருமாறிக் கிடந்தவற்றின் கதிதான் அதற்கும். எனவே ஒலிபெருக்கி இறங்குவதற்கு முன் பாறையும் பாசியும் தயாராக வேண்டும். வைப்பாற்றுக் கண்மாய்களின் தூரும், வான் தீவின் கான்கிரீட் மேல் படியும் இளஞ்சிவப்பும் ஒரே வேலையின் இரு முனைகளாக ஆகின்றன. முதலாவதைச் சேத்தூரிலும் ராஜபாளையத்திலும் இருப்பவர்கள் செய்ய வேண்டும், வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்.